ஆச்சி சுத்தின காப்பி மிஷின்

போன மாசம் மகன் சென்னையில இருந்து வந்திருந்தான். ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் செல்போனை நீட்டி, "அப்பா, காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷின் ஒண்ணு வாங்கிரலாமா? அன்னன்னைக்கு அரைச்சுப் போட்டா காப்பியே வேற மாதிரி இருக்கும்"னான். வாங்கிப் பார்த்தேன். கையால சுத்துறது ரெண்டாயிரத்துச் சொச்சம். கரண்டுல ஓடுறது பத்தாயிரம், அதுக்கு மேலயும் போகுது. பத்தாயிரம்னா எனக்கு ஒரு ஏக்கர் மக்காச்சோளத்துக்கு விதையும் அடியுரமும் வாங்குற காசு.

"வீட்டுல மிக்சி இருக்கு. அதுல போட்டு ரெண்டு சுத்து விட்டா ஆகாதா?"ன்னு வீட்டுக்காரம்மா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். எனக்கும் பதில் தெரியல.

திண்ணையில படுத்திருந்த அம்மா எந்திரிச்சு உக்காந்து, "பரண்ல ஒரு மிஷினு கெடக்கும்யா. அத எடுத்துப் பாருங்க. உங்க ஆச்சி சுத்துனது"ன்னாங்க.

மறுநாள் ஏணி போட்டு ஏறினேன். பழைய அண்டா, தார்க்குச்சி, உடைஞ்ச லாந்தர் விளக்கு எல்லாத்துக்கும் அடியில சாக்குல சுத்திக் கெடந்துச்சு. வார்ப்பு இரும்பு. மேல கொட்டை போடுறதுக்கு ஒரு கிண்ணம், பக்கவாட்டுல வளைஞ்ச கைப்பிடி, மேசை ஓரத்துல மாட்டி இறுக்குறதுக்கு ஒரு திருகு. நாலு கிலோவாவது இருக்கும். பேரு எதுவும் தெரியல, துரு தின்னுருச்சு. கைப்பிடிக் கட்டை மட்டும் வழவழன்னு கண்ணாடி மாதிரி இருக்கு.

அப்புறம் அம்மா சொன்ன கதை இது. எங்க அப்பாவைப் பெத்த ஆச்சி, ஒரு பெரிய வீட்டுல வேலைக்குப் போனவங்க. கருக்கல்ல போய் வாசல் தெளிச்சுட்டு, முதல் வேலையே காப்பிக்கொட்டை வறுக்கிறதும் அரைக்கிறதும்தான். அந்த வீட்டுல பத்துப் பன்னெண்டு பேரு. மிஷின்ல ஒரு தடவைக்கு ரெண்டு கைப்பிடி கொட்டைதான் பிடிக்கும். சுத்திச் சுத்தி வலது தோள்பட்டை ஆச்சிக்கு கடைசி வரைக்கும் வலிச்சுதாம். முதல் டிகாஷன் வீட்டு ஆளுகளுக்கு. அது இறங்கின பிறகு சக்கையில மறுபடி வெந்நி ஊத்தி, கருப்பட்டி போட்டு, கொல்லைப்பக்கம் வச்சு சிரட்டையில ஊத்துவாங்களாம். அதுதான் ஆச்சியோட காப்பி. "சுத்துனது அவ, குடிச்சது அவுக"ன்னு அம்மா ஒரே வரியில முடிச்சுட்டாங்க.

பிறகு அந்த வீட்டு ஆளுக ஊரைக் காலி பண்ணிட்டுப் போகும்போது பழைய சாமானை எடைக்குப் போட்டிருக்காங்க. அதுல இந்த மிஷினைத் தாத்தா வாங்கிட்டு வந்திருக்காரு. ஆச்சி ஒரு தடவைகூட நம்ம வீட்டுல அதைச் சுத்தலயாம். கொட்டை வாங்க காசு ஏது?

இதைக் கேட்ட பிறகு எனக்கு விலைப்பட்டியல் பார்க்கிறதுல மனசு போகல. இந்த மிஷின் எப்படி நம்ம பக்கம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி எதுல அரைச்சாங்கன்னு யோசனை ஓடுச்சு. கொஞ்சம் படிச்சேன், கொஞ்சம் பெரியவங்ககிட்ட கேட்டேன். அதை இங்க எழுதுறேன். எந்த மிஷின் வாங்குறதுங்கிற கேள்விக்கும் பதில் அதுக்குள்ளயே கெடைச்சுது.

கொட்டை வந்த வழி

காப்பி நம்ம ஊர்ச் செடி இல்ல. 17-ம் நூற்றாண்டுல பாபா புதன்ங்கிற சூஃபிப் பெரியவர் மெக்காவுக்குப் போயிட்டு வரும்போது ஏமன் தேசத்துல இருந்து 7 கொட்டைகளை மறைச்சு எடுத்துட்டு வந்து சிக்மகளூர் மலையில ஊன்றினாருன்னு சொல்வாங்க. அந்த மலைக்கே இன்னைக்கு அவர் பேருதான். அதுக்குப் பிறகு வெள்ளைக்காரங்க காலத்துல, 19-ம் நூற்றாண்டுல, குடகு, நீலகிரி, ஏற்காடு, பழனி மலைன்னு தோட்டமா பரவுச்சு.

ஆனா நம்ம தென்பக்கத்து ஜனங்களுக்கும் காப்பிக்கும் உள்ள முதல் சம்பந்தம் குடிக்கிறதுல ஆரம்பிக்கல, கூலியில ஆரம்பிச்சுது. 1830-கள்ல இலங்கை கண்டி மலைப்பக்கம் வெள்ளைக்காரங்க காடு வெட்டி காப்பித் தோட்டம் போட்டாங்க. அதுக்கு ஆள் போனது திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், திருச்சி சீமைகள்ல இருந்து. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமெல்லாம் 1910-ல ராமநாதபுரம் ஜில்லா பிரிக்கிற வரைக்கும் திருநெல்வேலி ஜில்லாவுலதான் இருந்துச்சு. நம்மள மாதிரி மானாவாரி பூமி. மழை பொய்ச்சா பிழைப்பு இல்ல. கங்காணி கூப்பிட்டா நடக்க வேண்டியதுதான். கடற்கரை வரைக்கும் நடை, படகுல மன்னார், அங்க இருந்து காட்டு வழியா மாத்தளை வரைக்கும் திரும்ப நடை. காலராவுலயும் காய்ச்சல்லயும் வழியிலயே செத்தவங்க எத்தனையோ பேரு. அறுப்புக் காலம் முடிஞ்சதும் ஊர் திரும்பி வர்றவங்களும் உண்டு.

1869-ல இலங்கைக் காப்பி இலையில துரு மாதிரி ஒரு பூஞ்சை நோய் விழுந்துச்சு. கோதுமையில துரு விழுகிற மாதிரின்னு வச்சுக்குங்க. பத்துப் பதினஞ்சு வருஷத்துல காப்பித் தோட்டமெல்லாம் அழிஞ்சு, அந்த இடத்துல தேயிலை வந்துச்சு. காப்பிக்குப் போன நம்ம ஜனங்களோட பேரப்பிள்ளைகள் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவங்களா ஆனாங்க. இடையில 1876-ல இங்க தாது வருஷப் பஞ்சம் வந்து இன்னும் நிறையப் பேரை அந்தப் பக்கம் தள்ளிவிட்டுச்சு.

அவங்க பறிச்ச பழம் தோல் நீக்கி, காய வச்சு, கப்பலேறி லண்டனுக்குப் போச்சு. அரைச்சுக் குடிச்சது அங்க உள்ளவங்க. பறிச்ச கைக்குக் கெடைச்சது அரிசியும் கொஞ்சம் காசும்.

வீட்டுக்குள்ள வந்த காப்பி

தமிழ்நாட்டு வீடுகள்ல காப்பி குடிக்கிற பழக்கம் 19-ம் நூற்றாண்டுக் கடைசியிலயும் 20-ம் நூற்றாண்டு ஆரம்பத்துலயும்தான் பரவலாச்சு. ஆ. இரா. வேங்கடாசலபதி இதைப் பத்தி எழுதின புத்தகத்துக்குப் பேரே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. முதல்ல பட்டணத்து வீடுகள், உத்தியோகஸ்தங்க வீடுகள். அப்புறம் ஜமீன், மிராசு வீடுகள். காலையில நீச்சத்தண்ணி குடிச்ச ஜனங்க காப்பிக்கு மாறினதை அன்னைக்கே திட்டி எழுதினவங்களும் உண்டு. எங்க கரிசக்காட்டுல கம்மங்கூழும் சோளக்கஞ்சியும்தான் காலைச் சாப்பாடு. காப்பின்னா காய்ச்சல்காரனுக்குச் சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டு, கருப்பட்டி கரைச்சுக் கொடுக்கிறது. அதுல காப்பிக்கொட்டையே கிடையாது, பேரு மட்டும் காப்பி.

பச்சைக்கொட்டை வாங்கினா வருஷக்கணக்குல கெடாது. அதனால அன்னைக்கு வசதியான வீடுகள்ல பச்சைக்கொட்டையை மூட்டையா வாங்கி வச்சு, இரும்புச் சட்டியில அப்பப்ப வறுப்பாங்க. கைப்பிடி வச்ச தகர உருளையில போட்டுக் கரி அடுப்பு மேல சுத்துறதும் உண்டு. வறுத்ததை முதல்ல உரல்ல போட்டுத்தான் இடிச்சிருக்காங்க. இடிச்சா என்ன ஆகும்? கொஞ்சம் மாவாகும், கொஞ்சம் நொய்யாகும், கொஞ்சம் முழுசாவே கெடக்கும். சலிச்சு சலிச்சு இடிக்கணும்.

அப்பத்தான் சீமை மிஷின் வந்துச்சு. பிரான்சுல இன்னைக்குக் கார் செய்யுற பெஜோ கம்பெனி, கார் செய்யுறதுக்கு ரொம்ப முன்னாடி 1840-ல இருந்தே காப்பி மிஷின் செஞ்ச கம்பெனி. லண்டன்ல 1856-ல ஆரம்பிச்ச ஸ்பாங் கம்பெனி மேசையில மாட்டுற, சுவத்துல அறையுற இரும்பு மிஷினெல்லாம் செஞ்சுது. நம்ம நாட்டுப் பழைய பெரிய வீடுகள்ல இந்த மாதிரி மிஷின் இன்னைக்கும் கெடக்கு. எங்க பரண்ல கெடக்கிறது எந்தக் கம்பெனின்னு சொல்ல முடியல, ஆனா அந்த ஜாடைதான்.

அது வேற ஒண்ணும் இல்ல, திருவைதான்

மிஷினைக் கழட்டி மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சப்பத்தான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. உள்ள ரெண்டு இரும்புத் துண்டு. ஒண்ணு அசையாது, இன்னொண்ணு கைப்பிடியோட சேர்ந்து சுத்தும். ரெண்டுலயும் பல்லு வெட்டியிருக்கு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. அட, இது நம்ம வீட்டுத் திருவை!

திருவையில உளுந்து உடைச்சவங்களுக்கு இது தெரியும். மேல்கல்லு லேசாத் தூக்கி இருந்தா பருப்பு ரெண்டா உடையும். அழுந்தி உக்காந்திருந்தா மாவாகும். கல்லு கொத்தி ரொம்ப நாளாச்சுன்னா நழுவும், அரையாது. நடு முளை ஆடுச்சுன்னா ஒரு பக்கம் மாவு, ஒரு பக்கம் நொய். காப்பி மிஷினுக்கும் இதே நாலு விதிதான். இரும்புல செஞ்சு, சின்னதாக்கி, பெட்டிக்குள்ள வச்சிருக்கான், அவ்வளவுதான்.

மிக்சி அப்படி இல்ல. அது கத்தி. பம்பாயில சத்ய பிரகாஷ் மாத்தூர்ங்கிறவர் 1963-ல சுமீத் மிக்சியைக் கொண்டு வந்தாரு. நம்ம ஊர் மசாலாவுக்கும் மாவுக்கும் தாங்குற மாதிரி செஞ்சதால, அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் அதுக்குப் பிறகு ஓய்வு வந்துச்சு. பெண்ணுங்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலைன்னு நான் சொல்லத் தேவையில்ல. ஆனா காப்பிக்கொட்டைன்னு வரும்போது மிக்சி உரல் மாதிரிதான். கத்தி பட்ட கொட்டை பொடியாகும், படாதது துண்டா நிக்கும். எல்லாம் ஒண்ணா அரையட்டும்னு ரொம்ப நேரம் ஓடவிட்டா ஜார் சூடாகி வாசம் பறந்துரும்.

ஒரே சீரா அரையணும்னு ஏன் சொல்றாங்கன்னா, பில்டர்ல வெந்நி ஊத்தினா மாவா இருக்கிற தூள் ஓட்டையை அடைச்சுக்கும், டிகாஷன் இறங்காது, இறங்கினாலும் கசக்கும். நொய்யா இருக்கிற தூள்ல தண்ணி நிக்காம ஓடிரும், சாரம் இறங்காது. ரெண்டும் கலந்து கெடந்தா ஒரே டம்ளர்ல கசப்பும் வெறும் தண்ணியும் சேர்ந்து வரும். நம்ம பித்தளை பில்டருக்கு மைதா மாவு மாதிரியும் வேண்டாம், ரவை மாதிரியும் வேண்டாம். விரல்ல தேய்ச்சா பொடியுப்பு மாதிரி நெருடணும்.

மிஷின் வீட்டை விட்டுப் போனது

இரண்டாம் உலகப் போர் வந்தப்ப ஐரோப்பாவுக்குக் காப்பிக்கொட்டை ஏற்றுமதி நின்னு போச்சு. தோட்டக்காரங்களைக் காப்பாத்த 1940-ல அவசரச் சட்டம் போட்டு, 1942-ல காப்பிச் சட்டமாக்கி, விளைஞ்ச கொட்டை எல்லாத்தையும் காப்பி போர்டு வாங்கி, அதுவே விக்கிற ஏற்பாடு வந்துச்சு. வீட்டுத் தேவைக்கும் விதைக்கும் போக மிச்சத்தை விளைய வச்சவன் தானா வெளியில விக்க முடியாது. போர் முடிஞ்சும் அம்பது வருஷம் இந்த ஏற்பாடு நீடிச்சுது. 1992-ல இருந்து படிப்படியாத் தளர்த்தி 1996 வாக்குல முழுசா விட்டாங்க. இன்னைக்கு தாண்டிக்குடி, ஏற்காடு பக்கத்துச் சின்ன விவசாயிகிட்ட நேரா ஒரு கிலோ வறுத்த கொட்டை வரவழைக்க முடியுதுன்னா அதுக்குக் காரணம் இந்த மாற்றம்தான்.

இந்த இடைக்காலத்துலதான் டவுன்கள்ல காப்பித்தூள் கடைகள் பெருகுச்சு. கரண்டு வந்துச்சு, கடையில மோட்டார் வச்ச பெரிய அரவை மிஷின் வந்துச்சு. வீட்டு மிஷின் பரணுக்குப் போச்சு. எங்க ஆலங்குளத்துல 1970-ல அரசு சிமெண்ட் ஆலை ஓட ஆரம்பிச்ச பிறகு, வெளியூர்ல இருந்து வேலைக்கு வந்த குடும்பங்க மூலமா பில்டர் காப்பி வாசம் எங்க தெருவுக்கும் வந்துச்சுன்னு அப்பா சொல்வாரு. நான் சின்னப்பிள்ளையா இருக்கும்போது ராஜபாளையம் பஸ்ல போயிட்டு வர்றவங்ககிட்ட நூறு கிராம் தூள் வாங்கிட்டு வரச் சொல்லிவிடுவாங்க. பஸ் நின்னதும் வாசத்தை வச்சே யாரு பையில இருக்குன்னு கண்டுபிடிச்சிருவோம்.

கடையில அரைக்கிறது வசதிதான். ஆனா கொட்டை கண்ணுக்குத் தெரியாமப் போச்சு. முழுக்கொட்டையில ஏமாத்த முடியாது. பிளாண்டேஷன் ஏன்னா ஒரு பக்கம் தட்டை, பீபெரின்னா உருண்டை. பழத்துக்குள்ள ரெண்டுக்குப் பதிலா ஒரே கொட்டை இருந்தா அது பீபெரி. தூளாயிட்டா எல்லாம் ஒண்ணுதான். அந்தக் காலத்துல புளியங்கொட்டையை வறுத்துக் கலந்தவங்க உண்டு. இன்னைக்குச் சட்டப்படி கலக்குறது சிக்கரி. அது ஒரு கிழங்கு, வேரை வறுத்துப் பொடிக்கிறது. நம்ம நாட்டுல குஜராத், உத்தரப் பிரதேசத்துல விளையுது. சிக்கரி தப்பு இல்ல. டிகாஷனுக்குக் கலரும் திடமும் கொடுக்கும். ஆனா காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு சிக்கரின்னு பாக்கெட்டுல போடணும்னு சட்டம் இருக்கு.

நாலஞ்சு வருஷம் முன்னாடி ஒரு கடையில எண்பதுக்கு இருபது கேட்டு வாங்கிட்டு வந்தேன். காப்பி தார் மாதிரி கறுப்பா இருந்துச்சு, வாசம் இல்ல. ஒரு கண்ணாடி டம்ளர்ல பச்சைத்தண்ணி எடுத்து ஒரு ஸ்பூன் தூளை மேல தூவினேன். காப்பித்தூள் கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி உடனே கலர் விட்டுக்கிட்டே கீழ இறங்கும். அன்னைக்கு முக்கால்வாசி கீழ இறங்கிருச்சு. கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகல. எங்க பருத்தியில ஈரம்னு சொல்லி எடையைக் கழிக்கிறவங்ககிட்டயே நமக்குப் பேச முடியல.

எதை வாங்கலாம்

இவ்வளவும் தெரிஞ்ச பிறகு வாங்குறது சுலபமாயிருச்சு. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

முதல்ல, கத்தியா பல்லான்னு பாருங்க. காப்பி கிரைண்டர்னு எழுதி, உள்ள மிக்சி மாதிரி ரெண்டு கத்தி வச்சு விக்கிறான். அது சின்ன மிக்சி. அதுக்கு வீட்டு மிக்சியே போதும். பல்லுச் சக்கரம் வச்சதுதான் திருவை ஜாதி.

ரெண்டாவது, நடு அச்சு. கைப்பிடியைப் பிடிச்சு அசைச்சுப் பாருங்க. லடலடன்னு ஆடுச்சுன்னா வேண்டாம். பல்லு பீங்கான்ல இருந்தா துருப்பிடிக்காது, ஆனா கொட்டையோட ஒரு சின்னக் கல்லு போனா உடைஞ்சிரும். இரும்பு எஃகுன்னா நல்லா வெட்டும், தண்ணி மட்டும் படக்கூடாது. பிரஷ்ஷால தட்டிச் சுத்தம் பண்ணணும்.

மூணாவது, எத்தனை பேருக்குக் காப்பி? கைமிஷின்ல ஒரு தடவைக்கு 20, 30 கிராம்தான் பிடிக்கும். எங்க வீட்டுல நாலு பேருக்கு ஒரு வேளைக்கு 40 கிராம். ரெண்டு தடவை போட்டு நாலஞ்சு நிமிஷம் சுத்தணும். எட்டுப் பேர் இருக்கிற வீடுன்னா கரண்டு மிஷின் வாங்குறதுதான் நியாயம், அதுவும் மெதுவா ஓடுற பல்லு மிஷின்.

நாலாவது, மல்லி, மிளகாய் எதையும் அதுல போட்டுராதீங்க. வாசம் ஏறிக்கும். சிக்கரி வேணும்னா தனியாத் தூளா வாங்கி பில்டர்ல கலந்துக்குங்க. வறுத்த கொட்டையை இறுக்கமா மூடின டப்பாவுல ரெண்டு மூணு வாரம் வைக்கலாம். அரைச்ச தூள் ரெண்டு மூணு நாள்லயே வாசம் விட ஆரம்பிச்சிரும். மிஷின் வாங்குறதே அதுக்காகத்தான்.

கடைசியா ஒண்ணு, இதைத்தான் நான் முதல்ல கேட்டிருக்கணும். யாரு சுத்தப் போறது? ஆம்பளைங்க ஆசைப்பட்டு வாங்கி, வீட்டுப் பொம்பளைங்க காலையில இருக்கிற வேலையோட இதையும் சேர்த்துச் சுத்தணும்னா, வாங்காதீங்க. கடைத்தூளே போதும்.

ஆச்சி மிஷினை ஓட்டிப் பார்த்தோம். பச்சரிசி போட்டு ரெண்டு தடவை அரைச்சு துருவையும் எண்ணெயையும் எடுத்தோம். பல்லு தேய்ஞ்சு போயிருக்கு. அத்தனை வருஷம் ஆச்சி சுத்தினதுல தேய்ஞ்சது. தூள் பாதி மாவு, பாதி நொய். அதனால ரெண்டாயிரத்துச் சொச்சத்துக்கு கைமிஷின் ஒண்ணு வரவழைச்சோம். சுத்துறது என் வேலைன்னு முடிவாச்சு. காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து திண்ணையில உக்காந்து சுத்துறேன். எனக்கும் தோள்பட்டை கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யுது.

முதல் நாள் இறக்கின முதல் டிகாஷன்ல அம்மாவுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன், கருப்பட்டி போட்டு. குடிச்சுட்டு, "கசப்பு கொஞ்சம் கம்மியா இருக்குய்யா"ன்னாங்க. சக்கைத்தண்ணிக் காப்பி கசக்கும்னு ஆச்சி சொல்லிச் சொல்லி, காப்பின்னா கசக்கணும்னே அம்மாவுக்கு மனசுல பதிஞ்சு போச்சு.

பழைய மிஷினைத் திரும்பப் பரண்ல போடல. எண்ணெய் போட்டு, அடுப்படி ஜன்னல் பக்கம் வச்சிருக்கோம். உங்க வீட்டுப் பரண்லயும் இந்த மாதிரி ஒண்ணு கெடந்தா, எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி அதை யாரு சுத்தினாங்கன்னு வீட்டுல பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.